ஃபிரட்டர்னிட்டி, சொராரிட்டி: கல்லூரியோடு இவர்களுக்கு என்ன உறவு?

கேள்வி இது: “தம்பி மகன் அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு படிக்கிறான். ஃபிரட்டர்னிட்டியில் சேரப் போகிறேன் என்கிறான். கல்லூரியின் இணையதளத்திலேயே அந்தச் சங்கத்தின் பெயர் இருக்கிறதாம், அதனால் பயப்பட ஒன்றுமில்லையாம். நிஜமாகவே கல்லூரிதான் இவற்றை நடத்துகிறதா? ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு? இரண்டு பக்கமும் சேர்ந்து வேலை செய்கிறார்களா, இல்லை வேறு வழியில்லாமல் ஒருவரை ஒருவர் பொறுத்துக்கொள்கிறார்களா?”

ஃபிரட்டர்னிட்டி என்பது ஆண் மாணவர்கள் சேரும் சங்கம், சொராரிட்டி என்பது மாணவிகள் சேரும் சங்கம். இவற்றைக் கல்லூரி நடத்தவில்லை. அதற்காகச் சம்பந்தமே இல்லை என்று கல்லூரி கைகழுவவும் முடியாது. நான் ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் மாணவர் நலப் பிரிவில் பல வருஷமாக வேலை பார்க்கிறேன். இந்தச் சங்கங்களின் விவகாரம் எங்கள் அலுவலகத்துக்கு வராத வாரம் கிடையாது. அதனால் பதில் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

முதலில் இதில் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். பையன் கண்ணில் படுவது கிளை மட்டும்தான், சாப்டர் என்பார்கள். ஐம்பது, நூறு மாணவர்கள், தூண் வைத்த ஒரு பெரிய வீடு, வாசலுக்கு மேல் இரண்டு மூன்று கிரேக்க எழுத்து. அந்தக் கிளைக்கு உரிமம் கொடுத்து, காப்பீடு ஏற்பாடு செய்து, ஆண்டுச் சந்தா வாங்குவது வேறு ஏதோ ஊரில் இருக்கும் தேசியத் தலைமையகம். இண்டியானாபொலிஸ் நகரத்தையும் சுற்றுவட்டாரத்தையும் எடுத்துக்கொண்டாலே இப்படிப்பட்ட தலைமையகங்கள் நிறைய. மூன்றாவது ஆளைப் பற்றி வெளியில் பேச்சே வராது: வீட்டைப் பராமரிப்பதற்கென்று பழைய மாணவர்கள் பதிவு செய்து வைத்திருக்கும் ஒரு நிறுவனம். வீட்டுப் பத்திரம் பெரும்பாலும் அதன் பெயரில்தான் இருக்கும். மாணவர்கள் அதற்கு வாடகை கட்டுகிறார்கள். நாலாவதுதான் கல்லூரி. சட்டத்தின் கண்ணில் நாலும் தனித்தனி. கிளைக்கும் கல்லூரிக்கும் நடுவில் இருப்பது அங்கீகாரம் என்ற பெயரில் ஓர் ஒப்பந்தம், அவ்வளவுதான். இணையதளத்தில் பெயர் இருந்தால் அந்த ஒப்பந்தம் இன்றைக்கு உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். அதற்கு மேல் அது எந்த உத்தரவாதமும் தராது.

இந்த விநோதமான ஏற்பாடு ஒரு நாளில் வந்ததில்லை. கிரேக்க எழுத்துப் பெயரோடு முதலில் வந்தது ஃபை பீட்டா காப்பா, 1776-ல், வர்ஜீனியாவின் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில். அது பிறகு நன்றாகப் படிப்பவர்களுக்கான கௌரவ அமைப்பாக மாறிவிட்டது. இன்று நாம் பார்க்கிற மாதிரியான சங்கம் 1825-ல் நியூயார்க் மாநிலத்தின் யூனியன் கல்லூரியில், காப்பா ஆல்ஃபா சொசைட்டி என்ற பெயரில் தொடங்கியது. ரகசியக் கூட்டம், ரகசிய உறுதிமொழி என்பதெல்லாம் அன்றைய கல்லூரித் தலைவர்களுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஆனால் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மாணவர் எண்ணிக்கை ஏறியபோது, விடுதி கட்டப் பணமில்லாத கல்லூரிகளுக்கு இவர்களே சொந்தமாக வீடு கட்டிக்கொண்டது பெரிய உபகாரமாகப் போயிற்று. செலவு மிச்சம். பிடிக்காததைக்கூடப் பொறுத்துக்கொள்ள அதைவிட நல்ல காரணம் வேண்டுமா?

அந்தக் கணக்கு இன்றும் ஓடுகிறது. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் அர்பானா-ஷாம்பேன் வளாகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே முதலாம் ஆண்டு மாணவர் பல்கலைக்கழக விடுதியில் தங்க வேண்டும், இல்லையென்றால் பல்கலைக்கழகம் சான்று கொடுத்த தனியார் இடத்தில் தங்க வேண்டும். சான்று பெற்ற அந்தப் பட்டியலில் ஃபிரட்டர்னிட்டி, சொராரிட்டி வீடுகளும் இருக்கின்றன. வீட்டுக்கு ஆள் கிடைக்கிறது, பல்கலைக்கழகத்துக்குப் படுக்கை கிடைக்கிறது, கூடவே அந்த வீட்டுக்குள் எட்டிப் பார்த்து நிபந்தனை போடுகிற அதிகாரமும் கிடைக்கிறது. ஒத்துழைப்பு என்ற சொல்லுக்கு இவ்வளவு சாதாரணமான உதாரணம் போதும் என்று எனக்குத் தோன்றும். கொள்கை விளக்கக் கூட்டங்களைவிட இந்த மாதிரிக் கொடுக்கல் வாங்கல்தான் நிலைக்கிறது.

அங்கீகாரம் போனால் என்ன ஆகும் என்பதற்கு நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள டார்ட்மத் கல்லூரியில் ஒரு கதை உண்டு. ஆல்ஃபா டெல்ட்டா என்ற பழைய ஃபிரட்டர்னிட்டி, புது உறுப்பினர்கள் உடம்பில் சூடு போட்டு முத்திரை குத்திய விவகாரத்தில் 2015-ல் அங்கீகாரத்தை இழந்தது. வீடு அவர்களுடையது. கல்லூரி வெளியேற்ற முடியாது, அதனால் இருந்துவிடலாம் என்று நினைத்தார்கள். ஆனால் ஹானோவர் ஊரின் நில உபயோக விதிப்படி அந்தப் பகுதியில் மாணவர் குடியிருப்பு ஒரு கல்வி நிறுவனத்தோடு இணைந்து நடக்க வேண்டும். கல்லூரி கையை விட்டதும் ஊராட்சி பிடித்துக்கொண்டது. வழக்கு மாநில உச்ச நீதிமன்றம்வரை போய் 2017-ல் ஃபிரட்டர்னிட்டி தோற்றது. சொந்த வீட்டில் குடியிருக்க முடியாமல் போயிற்று. கல்லூரி, சங்கம் என்று இரண்டு பேரை மட்டும் பார்த்தால் இது புரியாது. ஊர் நிர்வாகமும் இந்த உறவில் ஒரு பங்காளி. நார்த் கரோலினாவின் சாப்பல் ஹில்லில் 1996 மே மாதம், பட்டமளிப்பு நாள் விடியற்காலையில் ஒரு ஃபிரட்டர்னிட்டி வீடு தீப்பிடித்து 5 மாணவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு அந்த வீடுகளில் தானாகத் தண்ணீர் தெளிக்கும் தீயணைப்புக் குழாய் போட்டே ஆக வேண்டும் என்று விதி போட்டதும் ஊர் நிர்வாகம்தான்.

சரி, பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கு வருவோம். இங்கேதான் சட்டம் கல்லூரிகளை ஒரு விசித்திரமான மூலையில் தள்ளியிருக்கிறது.

ஒரு காலத்தில் அமெரிக்கக் கல்லூரி பெற்றோர் ஸ்தானத்தில் இருந்தது. 1960-களில் நீதிமன்றங்கள் அதை உடைத்தன: மாணவர்கள் வயது வந்தவர்கள், அவர்களுக்கு உரிமை உண்டு என்றன. அதன் மறுபக்கமாக, அவர்கள் குடித்துவிட்டு அடிபட்டால் கல்லூரி பொறுப்பில்லை என்ற தீர்ப்புகளும் வந்தன. அப்புறம் 1991-ல் டெலவேர் மாநில உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கைத் தீர்த்தது. ஃப்யூரெக் எதிர் டெலவேர் பல்கலைக்கழகம் என்று இந்தத் துறையில் எல்லாரும் அறிந்த வழக்கு. 1980-ல் ஒரு ஃபிரட்டர்னிட்டியின் சேர்க்கைச் சடங்கில் புது உறுப்பினர் ஒருவர் மேல் அடுப்பு சுத்தம் செய்யும் காரத் திரவத்தை ஊற்றிவிட்டார்கள், உடம்பு வெந்துவிட்டது. பல்கலைக்கழகம் இதையெல்லாம் தடை செய்திருந்தது, இப்படி நடக்கிறது என்று அதற்குத் தெரிந்தும் இருந்தது. தெரிந்து, தலையிடவும் ஆரம்பித்த பிறகு எனக்குப் பொறுப்பில்லை என்று சொல்ல முடியாது என்றது நீதிமன்றம்.

நியாயமான தீர்ப்புதான். ஆனால் பல கல்லூரிகளின் வக்கீல்கள் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் தலைகீழ்: கண்காணித்தால் மாட்டிக்கொள்வோம், அதனால் கொஞ்சம் தள்ளியே நிற்போம். ‘இவை சுதந்திரமான அமைப்புகள்’ என்ற வரி ஒப்பந்தங்களில் இடம் பிடித்தது இப்படித்தான். கொடை கொடுக்கும் பழைய மாணவர்களில் பலர் இந்தச் சங்கங்களிலிருந்து வந்தவர்கள் என்பதும் தள்ளி நிற்க ஒரு காரணம். அதை யாரும் எழுத்தில் வைப்பதில்லை. என் அபிப்பிராயம், தெரியாத மாதிரி இருப்பதால் எந்தக் கல்லூரியும் தப்பித்ததில்லை. வழக்கு வந்தால் முதலில் தோண்டி எடுப்பது, யாருக்கு எப்போது தெரியும் என்பதைத்தான்.

இதை முழுசாகப் பார்க்க வேண்டுமென்றால் பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும். நல்லதும் கெட்டதும் ஒரே வளாகத்தில், சில சமயம் ஒரே மாதத்தில் நடந்த இடம் அது.

1973-ல் அங்கே ஃபிரட்டர்னிட்டிகளின் கூட்டமைப்பு ஒரு நடன மாரத்தான் தொடங்கியது. ‘தான்’ (THON) என்று சுருக்கமாகச் சொல்வார்கள். முதல் தடவை 30 மணி நேர ஆட்டம், வசூல் சில ஆயிரம் டாலருக்குள். இன்று அது ஒவ்வொரு பிப்ரவரியிலும் 46 மணி நேரம் நடக்கிறது. ஆடுகிறவர்கள் உட்காரக் கூடாது, தூங்கக் கூடாது. பல்கலைக்கழகத்தின் பெரிய உள்ளரங்கத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடுகிறார்கள். பணம் ஹெர்ஷி நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனையில் புற்றுநோய்ச் சிகிச்சை பெறும் பிள்ளைகளுக்குப் போகிறது. 2025-ல் மட்டும் 1.77 கோடி டாலர் சேர்ந்தது. இதுவரை சேர்ந்த மொத்தம் 20 கோடி டாலரைத் தாண்டியாயிற்று. மாணவர்களே நடத்துவது என்றாலும் அரங்கம், பாதுகாப்பு, கணக்கு, மருத்துவக் குழு என்று பல்கலைக்கழகத்தின் கை எல்லா இடத்திலும் இருக்கும். வருஷம் முழுக்க ஒரு சங்கம் ஒரு குடும்பத்தோடு உறவு வைத்துக்கொண்டு, அந்தக் குழந்தையின் பிறந்த நாளுக்குப் போய் வருவார்கள். இதைப் பார்த்துவிட்டு இந்தச் சங்கங்கள் வெறும் குடிக்கூட்டம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அதே வளாகத்தை ஒட்டித்தான் பீட்டா தீட்டா பை வீடும் இருந்தது. பழைய மாணவர் ஒருவரின் பணத்தில் புதுப்பித்த வீடு, காகிதத்தில் மது கிடையாது, உள்ளே கண்காணிப்புக் கேமரா, பல்கலைக்கழக ஊழியர் ஒருவரே ஆலோசகராகக் குடியிருந்தார். முன்மாதிரிக் கிளை என்று காட்டத்தக்க எல்லாம் இருந்தது. 2017 பிப்ரவரி 2-ஆம் தேதி இரவு, சங்கத்தில் சேரும்படி வந்த அழைப்பைப் புதிதாக ஏற்றவர்களை வரிசையில் நிறுத்தி வேகவேகமாகக் குடிக்க வைத்தார்கள். டிமதி பியாட்சா என்ற 19 வயது மாணவருக்கு 82 நிமிடத்தில் 18 முறை மது கொடுத்தார்கள் என்று, அதே கேமராப் பதிவை வைத்து அரசுத் தரப்பு சொன்னது. அவர் நிலவறைப் படிக்கட்டில் விழுந்தார். தூக்கிச் சோபாவில் போட்டார்கள். மறுபடி மறுபடி விழுந்தார். விழுந்ததற்கும் யாரோ ஒருவர் உதவிக்குப் போன் செய்ததற்கும் இடையில் கிட்டத்தட்ட 12 மணி நேரம். பிப்ரவரி 4 அன்று இறந்தார். இரண்டு வாரம் கழித்து அதே மாதத்தில் நடன மாரத்தான் நடந்தது. 1 கோடி டாலருக்கு மேல் சேர்ந்தது.

அதுவரை அங்கே ஃபிரட்டர்னிட்டிகளின் தவறுகளை விசாரிப்பது பெரும்பாலும் ஃபிரட்டர்னிட்டிகளின் கூட்டமைப்பே. விருந்துகளைச் சுற்றிப் பார்க்க ஒரு தனியார் பாதுகாப்பு நிறுவனத்தையும் அவர்களே அமர்த்தியிருந்தார்கள். தன்னாட்சி என்று பெயர். அந்த ஏற்பாடு அத்தோடு முடிந்தது. விசாரணையைப் பல்கலைக்கழகம் தன் கையில் எடுத்தது, முதல் பருவத்தில் சேர்வதைத் தடுத்தது, ஒவ்வொரு கிளையின் மதிப்பெண்ணும் குற்றப் பதிவும் பொதுவில் போட ஆரம்பித்தது. அந்தக் கிளைக்கு நிரந்தரத் தடை. 2018 அக்டோபரில் பென்சில்வேனியாவில் இந்தக் கொடுமைக்கு எதிராகப் பியாட்சா பெயராலேயே ஒரு சட்டம் வந்தது. அதிகம் பேசப்படாத விஷயம் இன்னொன்று: அவருடைய பெற்றோர் இந்த அமைப்புகளை ஒழிக்கச் சொல்லவில்லை. அதே 2018-ல் ஃபிரட்டர்னிட்டி, சொராரிட்டி தேசியக் கூட்டமைப்புகளோடு சேர்ந்து, கடுமையான சட்டம் வேண்டும் என்று மாநிலம் மாநிலமாகப் போனார்கள். ஃபிரட்டர்னிட்டி, சொராரிட்டி பற்றிய ஓர் ஆய்வு மையமும் பியாட்சா பெயரில் அந்தப் பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்டது.

நம்மூர்க்காரர்கள் இதைக் கேட்டால் உடனே ராகிங் என்பார்கள். 1996-ல் சிதம்பரத்தில் மாணவர் நாவரசு கொல்லப்பட்டது, 1997-ல் தமிழ்நாட்டில் வந்த தடைச் சட்டம் எல்லாம் நமக்கு நினைவுக்கு வரும். கொடுமை ஒன்றுதான், ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. ராகிங்கில் ஜூனியர் மாட்டிக்கொள்கிறான். இங்கே ஹேசிங் என்பது, அதாவது சேர்க்கைச் சடங்கு என்ற பெயரில் புதியவர்களைக் கொடுமைப்படுத்துவது, தானே விரும்பிச் சேருகிறவன் கொடுக்கும் விலை. அதனால் அவன் புகார் கொடுப்பதில்லை. பட்டதையெல்லாம் பெருமையாக வைத்துக்கொண்டு அடுத்த வருஷம் தானே வரிசையின் மறுபக்கம் நிற்கிறான். எந்த அலுவலகத்துக்கும் இதைப் பிடிப்பது கஷ்டம் என்பதற்கு இதுதான் முதல் காரணம்.

இரண்டாவது காரணம், கல்லூரி ரொம்ப இறுக்கினால் சங்கம் கதவைச் சாத்திக்கொண்டு போய்விடும். கொலராடோ பல்கலைக்கழகத்தின் போல்டர் வளாகத்தில் 2004-ல் 18 வயது மாணவர் ஒருவர் ஃபிரட்டர்னிட்டிச் சடங்கில் அளவுக்கு மீறிக் குடிக்க வைக்கப்பட்டு இறந்தார். அடுத்த வருஷம் பல்கலைக்கழகம் புது ஒப்பந்தம் நீட்டியது: சேர்க்கையை இரண்டாம் பருவத்துக்குத் தள்ளுங்கள், வீட்டில் ஒரு பெரியவர் குடியிருக்கட்டும். சொராரிட்டிகள் கையெழுத்துப் போட்டன. ஃபிரட்டர்னிட்டிகள் போடவில்லை, தனிக் கூட்டமைப்பு வைத்துக்கொண்டு வளாகத்துக்கு வெளியே தங்கள் போக்கில் நடத்த ஆரம்பித்தன. டியூக் பல்கலைக்கழகம் சேர்க்கையை இரண்டாம் ஆண்டுக்குத் தள்ளியபோது 2021-ல் பல கிளைகள் விலகின. தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பாலியல் புகார்களுக்குப் பிறகு, விருந்து நேரத்தில் படுக்கையறைப் பக்கம் போகும் வழியில் காவலர் நிற்க வேண்டும் என்பது மாதிரி விதிகள் வந்தன. 2022-ல் அங்கேயும் பல கிளைகள் வெளியேறின. வெளியேறிய பிறகு அதே வீடு, அதே தெரு, அதே மாணவர்கள். கல்லூரிக்கு மட்டும் உள்ளே கால் வைக்க வழியில்லை.

கையெழுத்துப் போடாமல் போக முடிவதற்குக் காரணம் வீட்டுப் பத்திரம். நிலமோ வீடோ கல்லூரியுடையதாக இருக்கும் இடத்தில் இந்த வீறாப்பு நடக்காது. அதனால்தான் யாராவது எங்கள் கல்லூரியில் எல்லாம் ஒற்றுமையாகப் போகிறது என்று சொன்னால், நான் முதலில் கேட்பது வீடு யார் பெயரில் என்று.

போல்டரில் சொராரிட்டிகள் மட்டும் ஏன் கையெழுத்துப் போட்டன என்று கேட்கலாம். அவற்றின் தேசியக் கூட்டமைப்பு 1902-லிருந்து இருக்கிறது, 26 அமைப்புகள், கட்டுப்பாடு அதிகம். வீட்டுக்குள் மது கிடையாது. வீட்டோடு தங்கி நிர்வகிக்கும் ஓர் அம்மாள் இருப்பார். சேர்க்கையும் பல்கலைக்கழக அலுவலகத்தோடு கைகோத்து, கால அட்டவணை போட்டு நடப்பது. இதில் ஒரு கோளாறும் உண்டு: பெண்கள் வீட்டில் மது இல்லை என்றால் விருந்தெல்லாம் ஆண்கள் வீட்டில், ஆண்கள் பிடியில் நடக்கும். அதோடு, அழகாகக் கைகோத்து நடப்பதே சில சமயம் அநியாயத்துக்குத் திரையாகிவிடும். அலபாமா பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவிகளைச் சொராரிட்டிகள் ஒதுக்கியதில் பழைய மாணவிகளின் கை இருந்தது என்று 2013-ல் வெளியே கொண்டுவந்தது எந்த அலுவலகமும் இல்லை, மாணவர் பத்திரிகையான கிரிம்சன் ஒயிட். அதற்குப் பிறகுதான் பல்கலைக்கழகத் தலைவர் ஜூடி பானர் சேர்க்கையைத் திரும்பத் திறக்கச் சொன்னார்.

மொத்தமாகத் தடை செய்த கல்லூரிகளும் உண்டு. வில்லியம்ஸ் கல்லூரி 1960-களிலேயே ஒழித்துக்கட்டியது. போடின் கல்லூரி 1990-களின் கடைசியில் அதே முடிவுக்கு வந்து, வீடுகளையே பொது மாணவர் இல்லங்களாக மாற்றிக்கொண்டது. இரண்டும் சின்னக் கல்லூரிகள், எல்லாருக்கும் விடுதி கொடுக்க வசதி உள்ளவை. ஹார்வர்டு 2016-ல் ஆண் மட்டும், பெண் மட்டும் உள்ள சங்கங்களில் சேருகிறவர்களுக்குத் தலைமைப் பதவி கிடையாது என்று விதி போட்டுப் பார்த்தது. வழக்கு வந்தது, 2020-ல் பின்வாங்கியது. நாற்பதாயிரம் பேர் படிக்கும் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. அரசு நிறுவனம் என்பதால் கூடிச் சங்கம் வைக்கும் உரிமை அங்கே குறுக்கே நிற்கும்.

அப்போது எங்கேதான் ஒத்துழைப்பு நடக்கிறது? சலிப்பூட்டும் காகித வேலையில் நடக்கிறது. வார இறுதி விருந்துக்கு வாரத்தின் நடுவிலேயே விண்ணப்பம் வர வேண்டும். அன்றிரவு சொட்டுக் குடிக்காமல் இருக்கப் போகிறவர்கள் பெயர், விருந்தினர் பட்டியல், திறந்திருக்கப் போகும் ஒரே ஒரு வாசல், சாப்பாடும் தண்ணீரும் எங்கே வைக்கப் போகிறார்கள் என்பது வரை அதில் இருக்கும். அவரவர் கொண்டுவருவது என்றால் ஆளுக்கு ஆறு கேன் பியர், கண்ணாடிப் பாட்டில் கூடாது, வயது பார்த்துக் கையில் பட்டை. வீரியமான மதுவை வீட்டில் வைப்பதை ஃபிரட்டர்னிட்டிகளின் தேசியக் கூட்டமைப்பே 2019 செப்டம்பரிலிருந்து தடுத்துவிட்டது. வேண்டுமானால் உரிமம் பெற்ற வெளியாள் வந்துதான் ஊற்ற வேண்டும். இதெல்லாம் காகிதத்தில் எல்லா ஊரிலும் ஒன்றுதான். வித்தியாசம், சனிக்கிழமை இரவு பதினோரு மணிக்கு யார் போய்ப் பார்க்கிறார்கள் என்பதில் இருக்கிறது. தீயணைப்பு அதிகாரியோடு வீட்டுக்குள் நடந்தால், புகையுணர்த்தி அலறாமல் இருக்க அதன் மேல் காலுறை மாட்டியிருப்பதைப் பார்க்கலாம். உள்ளே என்ன நடக்கிறது என்று விண்ணப்பத்தைவிட அந்தக் காலுறை நன்றாகச் சொல்லும். கிளைத் தலைவன் இருபது வயதுப் பையன், ஒரு வருஷத்தில் மாறிவிடுவான். நான் பார்த்தவரை ஒழுங்காக நடக்கும் கிளைகளில் எல்லாம், பக்கத்து ஊரில் குடியிருந்துகொண்டு மாதாமாதம் வந்து போகும் நாற்பது ஐம்பது வயதுப் பழைய உறுப்பினர் ஒருவர் இருப்பார். எங்கள் அலுவலகத்துக்குப் போன் பண்ணி “இவன்கள் இந்த வாரம் என்னமோ திட்டம் போடுகிறான்கள், கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று சொல்கிற அளவுக்கு அவருக்கு எங்கள்மேல் நம்பிக்கை இருக்கும். அப்படி ஒருவர் இல்லாத கிளையை எந்த ஒப்பந்தத்தாலும் தூக்கி நிறுத்த முடியாது.

உங்கள் தம்பி மகன் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லா ஃபிரட்டர்னிட்டிக்கும் தூண் வைத்த வீடு இருக்காது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1906-ல் கறுப்பின மாணவர்கள் தொடங்கிய ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா, ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் 1908-ல் தொடங்கிய ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா போன்றவை வெள்ளையர் வளாகத்திலும் உலகத்திலும் தங்களுக்கென்று ஓர் ஆதரவை உண்டாக்கிக்கொள்ள வந்தவை. மார்ட்டின் லூதர் கிங் முதலாவதின் உறுப்பினர், கமலா ஹாரிஸ் இரண்டாவதின் உறுப்பினர். நம் பிள்ளைகள் அதிகம் சேரும் தெற்காசிய ஃபிரட்டர்னிட்டிகள் 1990-களில் வந்தன: பிங்ஹாம்டனில் 1994-ல் அயோட்டா நூ டெல்ட்டா, ஆஸ்டினில் 1998-ல் டெல்ட்டா எப்சிலான் சை. பெரும்பாலும் சின்னக் கிளைகள், சொந்த வீடு கிடையாது, ஆலோசனை சொல்ல வயதான பழைய உறுப்பினர்களும் அதிகம் இல்லை. நம்ம பசங்க கூட்டம்தானே என்று பெற்றோர் நிம்மதியாகிவிடுகிறார்கள். வீடு இல்லாததால் கல்லூரியின் கண்ணும் படாது என்பதை மறந்துவிடுகிறார்கள். ஆசிய அமெரிக்க மாணவர்களின் பை டெல்ட்டா சை ஃபிரட்டர்னிட்டியில் 2013 டிசம்பரில் ஒரு மாணவர் இறந்தது, நியூயார்க்கில் அவர் படித்த கல்லூரியிலிருந்து வெகு தூரம் தள்ளி, பென்சில்வேனியா மலைப்பக்கத்தில் வாடகைக்கு எடுத்த ஒரு வீட்டில் நடந்த சடங்கில். அந்த வழக்கில் அமைப்பே குற்றவாளி என்று தீர்ப்பாகி, 2018-ல் அந்த மாநிலத்தில் பத்து வருஷத் தடை விதிக்கப்பட்டது.

இனி பையன் என்ன பார்க்க வேண்டும் என்பது. 2024 டிசம்பரில் கையெழுத்தான ஒரு மத்தியச் சட்டப்படி, ஹேசிங் குற்றம் நிரூபணமான சங்கங்களின் பெயரையும் என்ன நடந்தது என்பதையும் கல்லூரிகள் தங்கள் இணையதளத்தில் போட வேண்டும், வருஷத்துக்கு இரண்டு தடவை புதுப்பிக்க வேண்டும். அதில் தேடச் சொல்லுங்கள். ஒரு ஓட்டையும் உண்டு: அந்த அறிக்கை அங்கீகாரம் உள்ள சங்கங்களைப் பற்றித்தான். போல்டர் மாதிரி வெளியேறிய கிளையின் பெயர் அதில் இல்லையென்றால், சுத்தமானது என்று அர்த்தமில்லை. கிளைவாரியான சராசரி மதிப்பெண்ணைப் பல பல்கலைக்கழகங்கள் பருவத்துக்குப் பருவம் வெளியிடுகின்றன. மற்ற ஆண்களின் சராசரியைவிட ரொம்பக் கீழே போகும் கிளையில் சேர வேண்டாம். அழைப்பு வந்ததற்கும் முழு உறுப்பினர் ஆவதற்கும் இடையில் எத்தனை வாரம், அதில் எந்தெந்த இரவு என்ன நடக்கும் என்று நேராகக் கேட்கட்டும். “அது ரகசியம்” என்று பதில் வந்தால் அடுத்த கிளையைப் பார்க்கலாம். சேருவதை முதலாம் ஆண்டின் இரண்டாம் பருவத்துக்கோ அதற்கும் பிறகோ தள்ளிப்போட்டால் நல்லது. கல்லூரியில் வேறு நண்பர்கள் கிடைத்த பிறகு போகிறவன், பிடிக்காத இடத்தில் எழுந்து வருவது சுலபம்.

இன்னும் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிக்கொடுங்கள். எவனாவது குடித்து விழுந்து, கூப்பிட்டால் எழுந்திருக்கவில்லை என்றால், தூங்கவிட்டால் சரியாகிவிடும் என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம், 911-க்குப் போன் பண்ண வேண்டும். பென்சில்வேனியாச் சட்டம் உட்படப் பல மாநிலச் சட்டங்களில், உதவிக்கு அழைத்து, தன் பெயரைச் சொல்லி, ஆம்புலன்ஸ் வரும்வரை பக்கத்திலேயே இருப்பவனுக்கு, அவனே வயதுக்கு முன்னால் குடித்திருந்தாலும், அந்தக் குடிக்காக வழக்கு வராமல் பாதுகாப்பு இருக்கிறது. அவன் மாநிலத்தில் அந்தச் சட்டம் என்ன சொல்கிறது, கல்லூரியின் நடத்தை விதி என்ன சொல்கிறது என்று சேருவதற்கு முன்னால் அவனே ஒரு தடவை படித்து உங்களுக்குச் சொல்லட்டும்.